புழு இருக்கும் வீட்டில் புது ஸ்பீக்கர்

கடத்தூரைத் தாண்டி உள்ளே போகிற மண் ரோட்டில், ஒரு பக்கம் தக்காளிக் காடு, இன்னொரு பக்கம் சாமந்திக் காடு, நடுவில் தீர்த்தகிரியின் வீடு. வீட்டின் பின்பக்கம் பத்தடி தள்ளிப் பட்டுப்புழு ஷெட், அதைத் தாண்டிப் புழுத் தீனிக்கு மல்பெரித் தோட்டம். பிழைப்பு அதுதான். ஆனால் ஊருக்குள் யாரையாவது நிறுத்தி, "பட்டுப்புழு தீர்த்தகிரி வூடு எதுங்க?" என்று கேட்டால் முழிப்பார்கள். "அட, சவுண்டு தீர்த்தகிரிங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை காட்டுவார்கள்.

அந்தப் பேரை அவன் சும்மா சம்பாதிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூரில் ஒரு டிவி கடையில் பெட்டி இறக்கும் வேலை பார்த்தான். அங்கே ஒரு கண்ணாடி ரூமுக்குள் சோபா போட்டு, வருகிறவர்களுக்கு ஹோம் தியேட்டர் போட்டுக் காட்டுவார்கள். இவன் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே நிற்பான். கதவு திறந்து மூடுகிற நேரத்தில் ஒரு ரயில் வலது காதில் ஏறி இடது காதில் இறங்கிப் போகும். அவ்வளவுதான், ஆள் விழுந்தான். ஊருக்குத் திரும்பி, நிலத்தைப் பார்த்து, தலை பாதி நரைத்து, மகள் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸுக்குப் படிக்கிற வயதும் வந்தாயிற்று. பைத்தியம் மட்டும் தெளியவில்லை.

ஷெட்டுக்குள் எல்லாமே அவன் மனைவி மணிமேகலைதான். பயிற்சிக்குப் போனவள் அவள், எந்தப் புழு எப்போது என்ன கேட்கும் என்று தெரிந்தவள் அவள். இவன் மல்பெரித் தழை வெட்டுவான், சுமப்பான், அவள் சொன்னதைச் செய்வான். இதில் அவனுக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. டீக்கடையில் யாராவது சீண்டினால், "உள்ள முதலாளி அவ, நான் வெளி வேலை ஆளு, அதுக்கென்ன இப்ப?" என்று சிரித்துவிட்டு அடுத்த டீ சொல்வான்.

புழு வளர்க்கிற வீட்டின் சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். பட்டுப்புழுவுக்குப் பூச்சி மருந்தின் வாடையே ஆகாது. கொசுவர்த்தி கூடாது, பீடி கூடாது, சென்ட் போட்டவர்கள் வாசலோடு சரி. எறும்பு ஏறாமல் இருக்கக்கூட மருந்து போடமாட்டார்கள். புழு இருக்கும் அடுக்குகளின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்திவைப்பார்கள். பிளீச்சிங் கலந்த தண்ணீரில் கை கால் கழுவாமல் யாரும் உள்ளே போகக்கூடாது. தழையில் இத்துணூண்டு மருந்து பட்டிருந்தாலும் போதும், தின்ற புழு தலையைத் தலையை ஆட்டி, பச்சையாக வாந்தி எடுத்துச் சுருண்டுவிடும்.

போன இரண்டு தடவையும் மணிமேகலைக்கு அடிமேல் அடி. ஒரு தடவை நோய் வந்து மொத்தப் புழுவும் பால் பாலாக ஒழுகிச் செத்தது. அடுத்த தடவை பக்கத்துக் காட்டுக்காரர் காற்று திரும்பியது தெரியாமல் தக்காளிக்கு மருந்து அடித்துவிட்டார். அன்றைக்கு அவள் வரப்பில் நின்று போட்ட சத்தத்தில் அந்த மனுஷர் இன்றுவரை இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த மூன்றாவது தடவைதான் புழு புழுவாக வந்திருந்தது. நாலாம் தோலுரிப்பும் முடிந்து, விரல் கனத்துக்கு வெள்ளை வெளேரென்று, வெறி பிடித்த மாதிரி தின்றுகொண்டிருந்தன. இன்னும் சில நாள் இதே தீனி கிடைத்துவிட்டால் கூடு கட்ட ஏறிவிடும். மணிமேகலை சாப்பிட மறந்துபோய் ஷெட்டிலேயே கிடந்தாள். "இதுவும் போச்சுன்னா நான் இனிமே புழு முட்டையே எடுக்க மாட்டன். ஷெட்ட இடிச்சுட்டுத் தக்காளி நட்டுக்கங்க" என்று சொல்லியிருந்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது தீர்த்தகிரிக்குத் தெரியும்.

சரி, இப்போது சவுண்டு விஷயம்.

அவன் கூடத்தில் இருந்தது ஒரு சாதாரண செட். ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு பழைய ரிசீவர், மூலைக்கு ஒன்றாகக் கையகல ஸ்பீக்கர்கள், கீழே ஒரு வூஃபர். படத்தில் சண்டை வந்தால் ஓடு அதிரும். கதாநாயகன் வாயைத் திறந்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். சத்தத்தைக் கூட்டினால் பேச்சு கேட்கும், அடுத்த அடியில் பாத்திரம் உருளும். ரிமோட்டும் கையுமாக எத்தனை படம்தான் பார்ப்பது? இரண்டில் ஒன்றை மாற்றியே ஆகவேண்டும். ரிசீவரா, ஸ்பீக்கரா? இரண்டையும் ஒன்றாக மாற்றக் காசுக்கு வழியில்லை.

கடத்தூரில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் குரு, ரிசீவரைத்தான் மாற்றவேண்டும் என்றான். "உன் ரிசீவருக்குத் தெம்பு பத்தல மாமா. நீ எந்த ஸ்பீக்கர வெச்சாலும் அது மூச்சு வாங்கும். புது ரிசீவர்ல பேச்ச மட்டும் தனியா தூக்கிக்கலாம். பழைய ஸ்பீக்கரே பாடும் பாரு."

திருவிழாவுக்கு மைக் செட் கட்டும் வீரமணி இதைக் கேட்டுச் சிரித்தான். "குரு ரிசீவர் விக்கறவன், அவன் வேற என்ன சொல்லுவான்? அண்ணா, உன் ஸ்பீக்கருக்கு வாயே சின்னது. சின்ன வாயில எவ்ளோ சோறு ஊட்டுவ? பெருசா ரெண்டு டவர் ஸ்பீக்கர் போடு, பழைய ரிசீவரே போதும்."

இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. அதுதான் பெரிய ரோதனை. தழை வெட்டும்போது ரிசீவர், சுமக்கும்போது ஸ்பீக்கர் என்று மாற்றி மாற்றி முடிவெடுத்துக்கொண்டிருந்தான். கடைசியில் மணிமேகலையிடமே கேட்டான்.

"சத்தத்தக் கம்மியா வெச்சா எல்லாம் நல்லாத்தான் கேக்குது. ரெண்டையும் மாத்த வேண்டாம்" என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.

"உன்கிட்ட கேட்டன் பாரு!"

அந்த நேரத்தில்தான் அரூரிலிருந்து குப்புராஜ் போன் பண்ணினார். ரிட்டையர் ஆன மனுஷர். வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு ஓசூரில் மகன் வீட்டோடு போகிறார். அங்கே இடம் பத்தாது. தன்னுடைய இரண்டு டவர் ஸ்பீக்கரையும் சவுண்டு தெரிந்த ஆளிடம் கொடுக்கவேண்டும் என்று வீரமணியிடம் சொல்லியிருக்கிறார். எடுப்பதானால் உடனே எடுக்கவேண்டும். தீர்த்தகிரி பஸ் ஏறிவிட்டான்.

குப்புராஜ் வீட்டில் அந்த இரண்டும் நெஞ்சு உயரத்துக்கு நின்றன. தேக்கு நிற மரப்பெட்டி, முன்னால் கறுப்புத் துணி, அடியில் காற்று போய்வர ஒரு வட்ட ஓட்டை. ஒரு கீறல் இல்லை. குப்புராஜ் அதைக் குழந்தையைத் தடவுகிற மாதிரி தடவினார்.

"எத்தனையோ வருசமா வெச்சிருக்கறன் தம்பி. ஒரு எறும்பு உள்ள ஏறுனது இல்ல, ஒரு கரப்பான் குடும்பம் நடத்துனது இல்ல. அப்படிப் பாத்துக்கிட்டன்."

தீர்த்தகிரி சொக்கிப்போனான். எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று கேட்கத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், ரிசீவரா ஸ்பீக்கரா என்பதை அவன் காது முடிவு செய்யவில்லை, கண்தான் முடிவு செய்தது. ரிசீவர் டிவிக்குக் கீழே கம்முனு கிடக்கும், யார் பார்ப்பார்கள்? இது வாசலில் நுழைகிறவன் கண்ணை அடிக்கும். ஒரு குட்டி யானை வண்டியைப் பிடித்து அன்றைக்கே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

மணிமேகலை வாசலிலேயே வண்டியை நிறுத்தினாள். புழு இருக்கிற வீட்டுக்குள் வேற்று வீட்டுப் பொருள் வந்தால் அவள் விடமாட்டாள். ஈரத் துணியால் இரண்டு பெட்டியையும் மேலும் கீழும் துடைத்தாள். மூக்கை வைத்து முகர்ந்தாள்.

"மருந்து கிருந்து ஒண்ணும் அடிக்கலியேங்க?"

"அதெல்லாம் இல்ல மணி. ரொம்பச் சுத்தமான மனுசன்."

"சரி, உள்ள கொண்டாந்து வைங்க. ஆனா புழு கூடு கட்டற வரைக்கும் இதத் தொடக்கூடாது. சத்தமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"தொடவே மாட்டன். உன்மேல சத்தியம்."

"என்மேல எதுக்கு? உங்க ஸ்பீக்கர்மேல பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஷெட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. புழு வளர்க்கிறவனுக்கு இந்த மாதிரி விடாத மழை எமன். நனைந்த தழையைப் போட்டால் புழுவுக்கு நோய் வரும். வெட்டிவந்த தழையைக் கூடத்தில் பழைய சேலைகளை விரித்து, அதன்மேல் கிளை கிளையாகப் பரப்பி, ஃபேனைப் போட்டுக் காயவைக்கவேண்டும். தீர்த்தகிரியும் மணிமேகலையும் அப்படித்தான் காயவைத்தார்கள். டிவிக்கு முன்னால் இரண்டு சேலை நிறையத் தழை. சுவரோரம் இரண்டு டவர் ஸ்பீக்கர். சாயங்காலத் தீனிக்கு அந்தத் தழைதான்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் ஷெட்டுக்குப் போனாள். இவன் கூடத்தில் தழையைப் புரட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஸ்பீக்கர்கள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றன. வெளியே மழை கொட்டுகிறது, என்ன போட்டாலும் ஷெட்டுக்குக் கேட்காது. ஒரு பாட்டு. ஒரே ஒரு பாட்டு. வயர் மாட்ட எவ்வளவு நேரம் ஆகப்போகிறது?

மாட்டினான். போட்டான். அடடா! அந்தக் குரல் கிணற்றை விட்டு வெளியே வந்து எதிரில் உட்கார்ந்தது. தபேலா அடிக்கிறவன் விரல் தோலில் உரசுவதுகூடக் கேட்டது. தீர்த்தகிரிக்குக் கண் கலங்கிவிட்டது. வீரமணி வாயில் சர்க்கரை போடவேண்டும் என்று நினைத்துக்கொண்டே சத்தத்தைக் கூட்டினான். பெட்டி ரெண்டும் அடியிலிருந்து 'பம் பம்' என்று காற்றை ஊதின. இன்னும் கொஞ்சம் கூட்டினான். பட்டென்று ரிசீவர் அணைந்துவிட்டது.

"போச்சுடா. குரு சொன்னதும் சரிதானா?" என்று தலையில் கை வைத்தான். பெரிய ஸ்பீக்கருக்குப் பழைய ரிசீவரின் தெம்பு பத்தவில்லை. அப்படியானால் இப்போது ரிசீவரையும் மாற்றவேண்டும். ஸ்பீக்கரை விட்டுவிட்டு முதலில் ரிசீவரை வாங்கியிருக்கவேண்டுமோ? இந்த யோசனையில் அண்ணாந்து பார்த்தவன் கண்ணில், ஃபேன் காற்றில் ஏதோ வெள்ளையாகச் சுழன்றது பட்டது.

குனிந்து பார்த்தான். ஸ்பீக்கரின் வட்ட ஓட்டைக்கு முன்னால் தரையில் மாவு சிந்தின மாதிரி வெள்ளைத் தூள். பக்கத்துச் சேலையில் இருந்த தழைமேலும் அங்கங்கே லேசாக.

பழைய தூசியாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தான். அப்புறம் சுண்ணாம்பாக இருக்கும் என்று நினைத்தான். புழு தோலுரிக்கிற நாட்களில் படுக்கையின் ஈரம் வாங்கச் சுண்ணாம்புத் தூள் தூவுவார்கள். அந்த மூட்டை கூடத்து மூலையில்தான் இருக்கிறது. வீட்டில் எதைத் தொட்டாலும் கையில் கொஞ்சம் சுண்ணாம்பு ஒட்டும். ஆனால் சுண்ணாம்பு ஸ்பீக்கருக்குள்ளிருந்து எப்படி வரும்? விரலில் தொட்டு முகர்ந்தான். லேசாக ஒரு காட்டம். இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

ஒரு எறும்பு உள்ளே ஏறினது இல்லை என்று குப்புராஜ் சொன்னது அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

உடனே போய் மணிமேகலையிடம் சொல்லியிருக்கவேண்டும். பத்தடி தூரம்தான் ஷெட். ஆனால் என்னவென்று சொல்வது? தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணிய மறுநாளே பாட்டுப் போட்டேன் என்றா? சொன்னால் அவள் தழை அத்தனையையும் தூக்கிக் குப்பையில் போடுவாள். மழையில் திரும்ப வெட்டவேண்டும், காயவைக்கவேண்டும், அதுவரை புழு பட்டினி கிடக்கும். கடைசியில் அது வெறும் தூசி என்று தெரிந்தால்? வீணாக ஒரு ரகளை. முதலில் குப்புராஜைக் கேட்டுவிடுவோம், அப்புறம் சொல்லிக்கொள்வோம். மனுஷன் தப்பு பண்ணிவிட்டு எத்தனை நியாயம் கண்டுபிடிக்கிறான் பாருங்கள்.

போன் போட்டான், ரிங் போகவில்லை. மழை நாளில் அந்தப் பக்கம் போனுக்கு டவர் கிடைக்காது. பம்ப் செட் மேட்டுக்குப் போனால்தான் கிடைக்கும். ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிப்போட்டு, தரையில் கிடந்த தூளைத் துணியால் துடைத்து, ஒரு யூரியா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வெளியே இறங்கினான். ஷெட்டின் வலைக் கதவுக்குப் பின்னால் மணிமேகலை நின்றிருந்தாள்.

"இந்த மழைல எங்கங்க போறீங்க?"

"மோட்டார் ரூம்ல தண்ணி ஒழுகுதான்னு பாத்துட்டு வரன்."

"தழை காஞ்சிருச்சாங்க?"

நின்றான். இப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தான். பல நாளாகச் சரியாகத் தூங்காத முகம், ஆனால் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க அவனுக்குப் பயமாக இருந்தது. கேள்வியிலிருந்து தப்பித்தால் போதும் என்று தலையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டினான். எதற்குத் தலையாட்டினோம் என்பதுகூட அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை.

மேட்டில் நின்று போட்டான். எடுக்கவில்லை. திரும்பப் போட்டான். தண்ணீர் சாக்கிலிருந்து கழுத்துக்குள் ஓடியது. மூன்றாவது தடவை பாதி ரிங்கில் கட்டானது. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். குப்புராஜைச் சொன்னானா, டவரைச் சொன்னானா, தன்னையே சொன்னானா தெரியாது. கடைசியில் ஒரு வழியாக எடுத்தார்.

"சொல்லு தம்பி, எப்படிப் பாடுது?"

"அய்யா, அந்தப் பெட்டிக்குள்ள ஏதாச்சும் போட்டிருக்கீங்களா? வெள்ளையா?"

"அதுவா! எறும்புப் பொடிதான் தம்பி. அப்பப்ப அந்த ஓட்டை வழியா உள்ள தட்டி விட்டுருவன். அதனாலதான் இத்தனை வருசம் எறும்பு அண்டல. பயப்படாத, மனுசனுக்கு ஒண்ணும் பண்ணாது. நீயும்…"

அதற்குமேல் தீர்த்தகிரி கேட்கவில்லை. ஓடினான். சேற்றில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது, இன்னொன்றையும் உதறிவிட்டு ஓடினான். அந்தத் தழையை எடுத்திருக்கக்கூடாது, சாயங்காலம் ஆகவில்லை, இன்னும் எடுத்திருக்கமாட்டாள் என்று சொல்லிக்கொண்டே ஓடினான். கூடத்துக்குள் எட்டிப் பார்த்தான். இரண்டு சேலையில் ஒன்று வெறுமனே கிடந்தது.

புழு மத்தியானத் தீனியைச் சீக்கிரமே தின்று தீர்த்துவிட்டிருந்தது. காய்ந்துவிட்டது என்று இவன் தலையாட்டியிருக்கிறான். பிறகென்ன? அவள் எடுத்துவிட்டாள். இலையில் வெள்ளையாக ஒட்டியிருந்ததையும் பார்த்திருக்கிறாள். இந்த வீட்டில் வெள்ளையாக எது இருந்தாலும் அது சுண்ணாம்புதான்.

"போடாத மணி! தழை போடாத!"

வலைக் கதவுக்கு உள்ளே மணிமேகலை இரண்டாவது அடுக்குக்கு முன்னால் கை நிறையக் கிளையோடு நின்றிருந்தாள். அப்படியே திரும்பினாள்.

"தழையில மருந்து!"

ஏன், எப்படி என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையிலிருந்த கிளைகளைக் கதவு வழியாக வெளியே வீசினாள். முதல் அடுக்குக்குப் பாய்ந்தாள். அதில் ஏற்கெனவே தழை பரப்பியாகிவிட்டது. மேலே ஏறித் தின்றுகொண்டிருந்த புழுக்களில் பாதி தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் வெட்டி வெட்டி ஆட்டிக்கொண்டிருந்தன. சிலவற்றின் வாயில் பச்சையாக வழிந்தது. அவள் ரெண்டு கையாலும் கிளைகளை அள்ளி அள்ளி இழுத்தாள்.

தீர்த்தகிரி கதவில் கை வைத்தான்.

"உள்ள வராதீங்க! உங்க கை காலெல்லாம் மருந்து இருக்கும். அங்கயே நில்லுங்க!"

நின்றான். வலைக்கு இந்தப் பக்கம் மழையில் நின்றபடி, அவள் ஒருத்தியாக அந்த அடுக்கின் படுக்கையைத் தாளோடு சுருட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓடிப்போய்க் கை கொடுக்க உடம்பு துடித்தது. முடியாது. கை கொடுத்தால் மிச்சமிருப்பதும் சாகும். வாழ்க்கையில் அவன் அவ்வளவு உபயோகமில்லாமல் ஒரு இடத்தில் நின்றதில்லை.

அவள் சுருட்டி வெளியே வைத்ததை இவன் இழுத்துக்கொண்டு போய், தோட்டத்துக் கடைசியில் குழி வெட்டிப் புதைத்தான். அவள் தொட்டித் தண்ணீரில் தலையோடு குளித்து, வேறு சேலை மாற்றிக்கொண்டு திரும்ப உள்ளே போய் மற்ற அடுக்குகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். எந்தப் புழுவும் தலையை ஆட்டவில்லை. பழைய தழைத் தண்டுகளைச் சுரண்டிக்கொண்டு பசியோடு கிடந்தன. ஒரு அடுக்கோடு போயிற்று. மிச்சம் தப்பியது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் குழிப் பக்கம் வந்தாள். ஈரத் தலையில் துண்டைச் சுற்றியிருந்தாள்.

"எப்படி?"

சொன்னான். பாட்டுப் போட்டதை, ஓட்டையிலிருந்து தூள் பறந்ததை, குப்புராஜ் பொடி தட்டியதை எல்லாம் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதில் இருந்தது. இப்போதுதான் குப்புராஜ் போனில் சொன்னார் என்று சொல்லிவிடலாம். பொய்கூட இல்லை அது. சொன்னால் அவள் குப்புராஜைத் திட்டுவாள், ஸ்பீக்கரைத் திட்டுவாள், மழையைத் திட்டுவாள், அதோடு முடிந்துவிடும். தீர்த்தகிரி மண்வெட்டிப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவனால் முடியவில்லை.

"நீ தழை காஞ்சிருச்சானு கேட்ட பாரு… அப்பவே சந்தேகம் இருந்துச்சு மணி."

மழை அவர்கள்மேல் பெய்துகொண்டிருந்தது. அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

"நான் உங்களத்தான கேட்டன்?"

"ஆமா."

"தலையாட்டுனீங்கல்ல?"

"ஆட்டுனன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். பக்கத்துக் காட்டுக்காரரைத் திட்டியதில் பாதி திட்டினாலும் போதும், உயிர் வந்துவிடும் போல இருந்தது. அவள் திட்டவில்லை. துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மிச்சப் புழு பசியா இருக்கு. கூடத்துத் தழை எதுவும் ஆகாது. குளிச்சுட்டுப் போய்ப் புதுசா வெட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குளித்தான். சோப்புப் போட்டு அரிவாளையும் கழுவினான். போகிற போக்கில் இரண்டு டவர் ஸ்பீக்கரையும் கூடத்திலிருந்து இழுத்துக் கொண்டுவந்து வேலியோரம் மழையில் போட்டான். மரப்பெட்டி தண்ணீர் பட்டால் உப்பிப்போகும் என்று தெரியும். உப்பட்டும். ரிசீவரா ஸ்பீக்கரா என்று இத்தனை நாள் தூக்கம் கெட்டதை நினைக்கவே அவனுக்கு அசிங்கமாக இருந்தது.

தோட்டத்தில் மழை அதிகம் படாத அடிக்கிளையாகப் பார்த்துப் பார்த்து வெட்டினான். கூடத்து ஃபேன் இனி ஆகாது; அதன் இறக்கையிலும் பொடி இருக்கும். பின்வாசல் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, துவைத்து மடித்து வைத்திருந்த துண்டுகளை எடுத்து, ஒவ்வொரு கிளையாக உதறி, ஒவ்வொரு இலையாக மேலும் கீழும் ஒற்றி எடுத்தான். துண்டு நனைந்தால் அடுத்த துண்டு. விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிப்போயிற்று. பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு கட்டு தேறியது. அதைத் தூக்கிக்கொண்டு ஷெட் வாசலுக்கு ஓடினான்.

"மணி, காஞ்சிருச்சு. ஒண்ணு ஒண்ணாத் துடைச்சிட்டன்."

"அங்க வைங்க."

வைத்தான். வழக்கமாக அவன் வைத்ததும் அவள் கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். அன்றைக்கு அவள் கதவைத் திறந்துகொண்டு வந்து, கட்டின் முன்னால் உட்கார்ந்து, கயிற்றை அவிழ்த்தாள். ஒரு கிளையை எடுத்தாள். இலையின் முன்பக்கத்தைத் தடவினாள், பின்பக்கத்தைத் தடவினாள், மூக்கில் வைத்து முகர்ந்தாள். அதை ஒரு பக்கமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"நான்தான் பாத்துட்டன்னு சொல்றன்ல மணி."

"சரிங்க" என்றாள் அவள். "நானும் பாத்துக்கறன்."

உள்ளே புழுக்கள் பசியில் நெளிந்துகொண்டிருந்தன. அவள் அவசரப்படவில்லை. கட்டில் இருந்த கடைசிக் கிளையையும் அவள் முகர்ந்து முடிக்கிற வரைக்கும் தீர்த்தகிரி வாசலுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.